ஒன்பது மணிக்குக் கூப்பிடும் பேர்

18 அக்டோபர் 2021, திங்கள்

தொரை,

இந்த டைரி பொங்கலுக்கு முன்னால் பேண்டேஜ் கம்பெனியில் உங்களுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு வைத்திருக்கிறீர்கள். மிச்சம் எல்லாம் வெள்ளை. வீணாகப் போகிறதே என்று நான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை. தப்பு இருந்தால் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் போய் இன்றைக்கு ஐந்து மாதம். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. காலையில் இரண்டு தடவை வாசல் தெளித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குத்தான் கொஞ்சம் அடங்குகிறது. பாப்பாவுக்குப் போன் வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். உங்கள் போனைக் குக்கரில் சாய்த்து வைத்து அவளை எதிரே உட்கார வைப்பேன். நான் பக்கத்தில் பேண்டேஜ் துணியை மெஷினில் சுருள் சுற்றிக்கொண்டிருப்பேன். அமலி மிஸ் அட்டென்டன்ஸ் எடுப்பார்கள். திரையில் எந்தப் பேர் இருக்கிறதோ அதைத்தான் கூப்பிடுவார்கள். போன் உங்களுடையது. அதனால் திரையில் உங்கள் பேர். பத்துப் பேர் முடிந்ததும் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். கடகடவென்று சத்தம் போடும், காதில் விழாது. பதினோராவதாக மிஸ் உங்கள் பேரைச் சொல்வார்கள். பாப்பா "பிரசன்ட் மிஸ்" என்பாள். அதற்குப் பிறகு மறுபடி சுற்ற ஆரம்பிப்பேன்.

ஜூலையிலேயே எல்லாரையும் பிள்ளைகள் பேரைப் போடச் சொன்னார்கள். பாதிப் பேர் மாற்றினார்கள். எனக்கு மாற்றத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

19 அக்டோபர்

மழை. நாற்பது சுருள். மிஸ் இன்றைக்கு உங்கள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கு முதல் தடவை கேட்கவில்லையாம்.

21 அக்டோபர், வியாழன்

நம் பாப்பா சுபிக்ஷா ஒன்றாம் வகுப்பு முழுக்கப் போனில் படித்தாள், இரண்டாம் வகுப்பும் போனில். கூடப் படிக்கிற பிள்ளைகளின் பேர் அவளுக்குத் தெரியாது. "இன்னைக்கு ராஜகணபதி பிராய்லர்ஸ் பல்லு விழுந்துருச்சும்மா" என்கிறாள். அது ஒரு பெண் பிள்ளை. அப்பாவுக்குக் கறிக்கடை போலிருக்கிறது. "அன்னை டயர்ஸ் அழுதான்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்தால் இதைக் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா தன் மகள் கனிகாவை விளையாட விட்டுவிட்டுப் போனாள். கனிகா சொப்பு, சட்டி எல்லாம் பரப்பினாள். பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யாராவது பேசச் சொல்ல வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"அத்தை, இவ மூஞ்சியை மூடிக்கிட்டா."

துண்டுக்குள் இருந்து பாப்பா சொன்னாள்: "நான் வீடியோ ஆஃப் பண்ணியிருக்கேன்."

பேச்சியக்கா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ மாரீஸ்வரி, ஒம் மகளுக்கு நெட்வொர்க் போயிருச்சுடி." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "பிள்ளைய வெளிய விடுடி. ஒரு வருசமா வீட்டுக்குள்ளயே வச்சிருக்க. நீயும் அவளும் இப்படியே மெஷினைச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கப் போறீங்களா?"

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

25 அக்டோபர், திங்கள்

ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறார்களாம். வர இஷ்டம் இல்லாதவர்கள் கொஞ்ச நாள் போனிலேயே படிக்கலாமாம். யார் யார் வருகிறீர்கள் என்று மிஸ் கேட்டார்கள். எல்லாப் பிள்ளையும் கத்தியது. பாப்பா கையைத் தூக்கினாள்.

அவளுக்குச் சளி என்று நான் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். மூக்கு லேசாக ஒழுகியது உண்மைதான்.

1 நவம்பர், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். தெருவில் நீலப் பாவாடையும் முதுகுப் பையுமாகப் போகிறதுகள். பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மணிக்குப் போனில் பன்னிரண்டு பேர்தான். உங்கள் பேர் நான்காவதாகவே வந்துவிட்டது. நான் மெஷினை நிறுத்துவதற்குள் வந்துவிட்டதால் சரியாகக் கேட்கவில்லை. நாளைக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

4 நவம்பர், தீபாவளி

எண்ணெய் வைக்கவில்லை. பாப்பாவுக்கு மட்டும் வைத்தேன். பேச்சியக்கா அதிரசம் கொடுத்தாள். வகுப்பு கிடையாது. நாள் ரொம்ப நீளமாக இருந்தது.

8 நவம்பர், திங்கள்

போனில் நான்கு பேர். மிஸ் அங்கே வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இங்கே போனில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கிறார்கள். தொண்டை கட்டியிருக்கிறது. ஆனாலும் உங்கள் பேரை எப்போதும் போல விளையாட்டாக இழுத்துச் சொன்னார்கள். பின்னால் இருக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். அவள் பேரே அதுதான் என்று நினைக்கிறார்கள் போல.

வகுப்பு முடிந்து மிஸ் என்னைக் கூப்பிட்டார்கள். "ஏம்மா, சளி இன்னும் விடலையா?"

"பயப்படுறா மிஸ். கூட்டத்தைக் கண்டா ஒதுங்குறா."

"அதுக்குத்தாம்மா அனுப்பணும். ஒதுங்குறான்னு ஒதுக்கியே வச்சா எப்படி?"

நாளைக்கு மழை இல்லாவிட்டால் பார்க்கலாம் என்றேன்.

10 நவம்பர், புதன்

மழை இல்லை.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாப்பா பழைய யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். யு.கே.ஜி. படிக்கும்போது தைத்தது. பாவாடை தொடையில் நிற்கிறது, பொத்தான் பூட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பத்துதும்மா" என்றாள்.

பத்தாது என்று சொல்லிக் கழற்றினேன். மேலே மிஸ்ஸிடம் பயப்படுகிறாள் என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

13 நவம்பர், சனி

புது யூனிபாரம் பேச்சியக்காவே போய் வாங்கிவந்து கட்டிலில் போட்டுவிட்டாள். "திங்கக்கெழம நீ அனுப்பலன்னா நான் தூக்கிட்டுப் போவேன்" என்றாள். வளரும் பிள்ளை என்று கொஞ்சம் பெரிசாக எடுத்துவிட்டாள். கீழ் மடிப்பை உள்ளே தைத்தேன். ஊசி இரண்டு தடவை குத்தியது.

15 நவம்பர், திங்கள்

அனுப்பினேன். பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது, வந்து கூட்டிப்போங்கள் என்று.

நடந்ததை மிஸ் சொன்னார்கள். அட்டென்டன்ஸில் "சுபிக்ஷா" என்று மூன்று தடவை கூப்பிட்டார்களாம். இவள் மிஸ் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம், வாயைத் திறக்கவில்லையாம். பக்கத்தில் இருந்த பிள்ளை "ஆப்சென்ட் மிஸ்" என்று சொல்லிவிட்டது. வராத பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படிச் சொல்வது வழக்கமாம். கடைசிப் பேரும் முடிந்து மிஸ் நோட்டை மூடின பிறகு இவள் எழுந்து நின்றாளாம்.

"மிஸ், எங்கப்பா பேர் இன்னும் வரல."

வகுப்பே சிரித்திருக்கிறது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும் இவள் சாப்பாட்டுத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாளாம். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஒரு பையன் துண்டைப் பிடித்து இழுத்தான், இவள் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

நான் போனபோதும் துண்டோடுதான் உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தேன். ஏழு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவழியே. எல்லாரும் பார்த்தார்கள்.

இனி கொஞ்ச நாள் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். பிள்ளை பயந்திருக்கும் என்று கேசரி கிண்டினேன். முந்திரி போட்டு.

எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

16 நவம்பர், செவ்வாய்

போனில் பாப்பா மட்டும். மிஸ் வகுப்புக்கு முன்னால் இவளுக்காகப் பத்து நிமிஷம் வந்தார்கள். ஒரே பேர்தான். உங்கள் பேர். தெளிவாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமையோடு போன் வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம்.

17 நவம்பர்

முப்பது சுருள்கூட ஆகவில்லை. பாப்பா கேசரியைத் தொடவில்லை. பேச்சியக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

19 நவம்பர், வெள்ளி, கார்த்திகை

கடைசி வகுப்பு காலையில் முடிந்தது. உங்கள் பேர் வந்தது. மெஷினை நிறுத்தி, மின்விசிறியையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

சாயங்காலம் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வண்டி வந்து நின்றது. அமலி மிஸ். போனில் பார்ப்பதைவிடக் குட்டையாக இருக்கிறார்கள். பாப்பா மிஸ்ஸின் காலைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸுக்குக் கால் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லையோ என்னவோ.

உள்ளே கூப்பிட்டுப் பொரி உருண்டை கொடுத்தேன். சுவரில் மாலை போட்ட உங்கள் படத்தை மிஸ் பார்த்தார்கள். ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள். யாரும் சொல்லவில்லை போல.

"இவரு?"

"பாப்பாவோட அப்பா. மே மாசம்."

"பேரு?"

நான் படத்தைக் கைகாட்டினேன். என் வாயில் அந்தப் பேர் வராது என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மாவும் புருஷன் பேரைச் சொன்னதில்லை, பேச்சியக்காவும் சொன்னதில்லை. எங்காவது கேட்டால் உங்கள் ஆதார் கார்டை நீட்டிவிடுவேன். மிஸ் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தார்கள். கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டார்கள்.

"அய்யோ, மன்னிச்சிருங்கம்மா. நான் தினமும் கேலியா இழுத்து இழுத்துக் கூப்பிட்டேனே. பேரை மாத்தச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து மாத்திக் குடுத்திருப்பேன்."

"எனக்கு மாத்தத் தெரியல மிஸ்."

விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியும் மிஸ். அப்பவே நான் என் பேரைப் போட்டேன். அம்மாதான் அழிச்சிட்டு அப்பா பேரைத் திரும்பப் போட்டாங்க. இங்கிலீஷ்ல ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் போட்டாங்க."

மிஸ் என்னைப் பார்த்தார்கள். நான் எங்கே பார்ப்பது. குக்கரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மிஸ் மெதுவாகச் சொன்னார்கள். "நீங்க செஞ்சதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன்மா. ஆனா இவ பேரை யாரு கூப்பிடுறது? வகுப்புல ஒரு பிள்ளை 'சுபி, வா'ன்னு கைய நீட்டுது. இவ அசையமாட்டேங்கிறா. நான் ஒங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னாத்தான் திரும்புவேன்னு ஒக்காந்திருக்கா. இன்னும் ஒரு வருசம் இப்படியே விட்டா, கூப்பிடுறதையே பிள்ளைங்க நிறுத்திரும்."

போகும்போது பாப்பா அவர்கள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் விரலைப் பிரித்துவிட்டேன்.

20 நவம்பர், சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் சுற்றிச் சுற்றி வருவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் மாடியில், கொரோனா வார்டில் இருந்தீர்கள். எங்களை உள்ளே விடவில்லை. கீழே முற்றத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கட்டில் நான்காவது ஜன்னலை ஒட்டி இருந்தது. முதுகைக் காட்டிப் படுத்திருந்தீர்கள், பச்சைச் சட்டை. போன் எடுக்கவில்லை. சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

முற்றத்தில் எங்களைப் போல முப்பது, நாற்பது பேர். ஆளாளுக்குத் தங்கள் ஆளின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். யாரோ "லெச்சுமணா" என்றார்கள், மூன்றாவது ஜன்னலில் ஒரு கை ஆடியது. யாரோ "ராசாத்தி" என்றார்கள், அந்தக் கிழவி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் கூப்பிட்டேன். "என்னங்க" என்று கூப்பிட்டேன். "என்னங்க, இங்க பாருங்க." யார் யாரோ ஆம்பிளைகள் ஜன்னலில் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அவரவர் பெண்டாட்டி அப்படித்தானே கூப்பிடுவாள். நீங்கள் திரும்பவில்லை. வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி தொரை என்று கூப்பிட ஊர் முன்னால் கூச்சமாக இருந்தது. உங்கள் சொந்தப் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தரிடம் கார்டைக் காட்டி நீங்கள் கூப்பிடுங்கள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அது செவ்வாய்க்கிழமை. அன்று ராத்திரியே நீங்கள் போய்விட்டீர்கள், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

21 நவம்பர், ஞாயிறு

காலையில் இருந்து அவள் பேரைக் கூப்பிட்டேன். அடுப்படியில் இருந்து, கொல்லையில் இருந்து, தெருமுனைக் குழாயில் இருந்து. சுபிக்ஷா, சுபிக்ஷா. முதலில் அவள் அசையவே இல்லை. ஏழெட்டுத் தடவைக்கு மேல் "என்னம்மா" என்றாள். திரும்பினால் ஒரு பொரி உருண்டை என்றேன். பேச்சியக்காவும் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "ஏ சுபிக்ஷா, ஒங்கம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, ஓடி வந்துரு" என்றாள். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். துண்டைத் தேடவில்லை.

மத்தியானம் அவளே மிஸ் ஆனாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அட்டென்டன்ஸ் எடுத்தாள். "மாரீஸ்வரி" என்றாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு பேச்சியக்காவைத் தவிர என்னையும் யாரும் முழுப் பேர் சொல்லி அப்படிக் கூப்பிடவில்லை. "மாரீஸ்வரி, கவனம் எங்க இருக்கு?" என்று கரண்டியால் தட்டினாள். பிரசன்ட் மிஸ் என்றேன்.

அடுத்து உங்கள் பேரைக் கூப்பிட்டாள்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மிஸ்ஸாக இல்லாமல் மகளாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"வராதவங்களுக்குப் பக்கத்துல இருக்கவங்கதாம்மா சொல்லணும். ஆப்சென்ட் மிஸ்னு சொல்லு."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

22 நவம்பர், திங்கள்

அனுப்பினேன். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ஒன்பது மணிக்குக் கை தானாகப் போனை எடுத்துக் குக்கரில் சாய்த்தது. ஒன்றும் வரவில்லை. திரையில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. மத்தியானம் வரை பள்ளியில் இருந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மூன்று தடவை போன் வேலை செய்கிறதா என்று பேச்சியக்காவைக் கூப்பிடச் சொல்லிச் சோதித்தேன்.

நாலு மணிக்கு வந்தாள். அட்டென்டன்ஸில் சொன்னாயா என்றேன். "ரெண்டாவது தடவைல சொல்லிட்டேன்" என்றாள்.

24 நவம்பர், புதன்

கன்னத்தில் நகக் கீறல். ஒரு ரிப்பனைக் காணோம்.

"யாரு செஞ்சது?"

"நித்திலா."

"எந்த நித்திலா?"

"பிராய்லர்ஸ்மா. அவ பேரு நித்திலா. என் ரப்பரை எடுத்தா, நான் தள்ளிவிட்டேன், அவ கீறினா. அப்புறம் அவ முறுக்குக் குடுத்தா. அவளுக்கு உசரம் ரொம்பக் கம்மிம்மா. போன்ல பெரிசாத் தெரிவா."

நோட்டில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: வகுப்பில் அதிகம் பேசுகிறாள். கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வரியைப் பேச்சியக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுக்குப் போயி அழுவியா?" என்றாள். நோட்டு லேபிளில் தந்தை பேர் என்று இருந்த இடத்தில் பாப்பாவே எழுதிக்கொண்டாள். தப்பில்லாமல் எழுதினாள்.

29 நவம்பர், திங்கள்

பாப்பா நித்திலாவோடு போய்விட்டாள். அந்தப் பிள்ளை தெருவில் நின்று "சுபிக்ஷா" என்று ஒரு சத்தம்தான் போட்டது. இவள் வாயில் இட்லியோடு ஓடினாள். எனக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஒன்பது அடித்தது. மெஷினை நிறுத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தலாம் என்று போனேன், பிறகு சாத்தவில்லை. ஜன்னல் பக்கம் நின்று சொன்னேன்.

கருத்தப்பாண்டி.

முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பேச்சியக்காவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் நான்தான் என்பதால் அதையும் நானே சொன்னேன், பாப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. சொல்லிவிட்டு மெஷினைச் சுற்ற உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இவ்வளவுதான், இரண்டு தடவை முயன்றால் வந்துவிடுகிற பேர். அன்றைக்கு முற்றத்தில் நின்று நான் இதைச் சொல்லியிருந்தால், அந்த ஜன்னலில் திரும்பிப் பார்த்திருப்பீர்களா, தொரை?